பார்த்த முகம்

காலை ஆறேகாலுக்கே குப்புராஜ் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டார். கோர்ட்டு பத்தரை மணிக்கு.

இப்போதே எதற்கு மாமா, கசங்கிவிடுமே என்றாள் மருமகள் பானுமதி.

"கசங்கட்டும். சட்டையையா விசாரிக்கப் போறாங்க?"

வாக்கரை முன்னால் வைத்து ஒரு அடி. மறுபடி வைத்து ஒரு அடி. அறையிலிருந்து வாசலுக்கு வர அவருக்கு இப்போதெல்லாம் ஐந்து நிமிடம் ஆகிறது. பத்தொன்பது மாதத்துக்கு முன்பு, இதே மனிதர் பாப்பாரப்பட்டி சந்தைக்கு நடந்தே போய்வருவார்.

போன வருஷம் வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. பிரிவு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். பொழுது இறங்குகிற நேரம். பின்னாலிருந்து ஒரு பைக் அடித்தது. நிற்கவில்லை. இடுப்பெலும்பு போயிற்று.

அவரை அழைத்துப்போக நிறுத்தத்தில் நின்றிருந்த பானுமதி மட்டும்தான் பார்த்தாள். வண்டி அவளைத் தாண்டிப் போனது. இரண்டு நொடி இருக்கும்.

பதினைந்து நாள் கழித்து, சந்தையில் கறுப்பு பைக் ஒன்றின் மேல் சாய்ந்து நின்றிருந்தவனைக் காட்டி, இவன்தான் என்றாள். அவள் கணவன் வீரமணி அவன் சட்டையைப் பிடித்தான். ஏரியூர் பக்கத்துப் பையன். பெயர் ரஞ்சித்குமார். நான் இல்லீங்க, நான் இல்லீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

யாரும் நம்பவில்லை. சொன்னது பானுமதி ஆயிற்றே. வீட்டு ரேஷன் கார்டு எண், கேஸ் புத்தகத்து எண், சொந்தத்தில் எந்தக் குழந்தை எந்த நட்சத்திரம், எல்லாம் அவள் தலையில் இருந்தது. அங்கன்வாடியில் நாற்பது பிள்ளைகளின் எடையை நோட்டுப் பார்க்காமல் சொல்வாள். அவள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

ரஞ்சித்குமார் போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். ஓட்டம், கயிறு, எழுத்து எல்லாம் முடிந்துவிட்டது. வழக்கு இருப்பதால் உத்தரவு மட்டும் வரவில்லை. இன்று பானுமதி கூண்டில் ஏறி, ஆமாம் இவன்தான் என்று சொன்னால் இனி வராது.

*

கிளம்புவதற்குள் கேழ்வரகைக் காயப் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். வீரமணி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தான். பானுமதி களத்தைக் கூட்டினாள். மார்கழிப் பனியில் தரை ஈரமாக இருந்தது.

குப்புராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். அவரும் சாட்சி. முதல் சாட்சி.

"கறுப்பு வண்டிங்க. பையன் வெள்ளைச் சட்டை. கூலிங்கிளாஸைத் தலைமேல ஏத்தி வுட்டிருந்தான். தலையைக் கொஞ்சம் இப்படிச் சாய்ச்சுக்கிட்டு, லேசாச் சிரிச்ச மாதிரி..."

அவர் தலையைச் சாய்த்துக் காட்டினார். பானுமதி துடைப்பத்தை நிறுத்தினாள்.

அது அவள் சொன்னது. ஒவ்வொரு வார்த்தையும். போலீசிடம் சொன்னது, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம் சொன்னது, பத்தொன்பது மாதமாக இந்த வீட்டில் சொன்னது.

"மாமா, வண்டி உங்களுக்குப் பின்னாடிதானே வந்துச்சு?"

"ஆமா."

"அடிச்சதும் குப்புற வுழுந்தீங்க."

"ஆமா. மூக்குல தழும்பு இருக்குதே."

"அப்புறம் எப்படி மூஞ்சியப் பார்த்தீங்க?"

குப்புராஜ் யோசித்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. எந்த ஊர் பஸ்ஸில் வந்தோம் என்பதுகூட. அதை இப்போது அவள் நினைவுபடுத்தினாள்.

"அப்பத் தெரியல. இப்பத் தெரியுது. போகப் போகத்தான் பானு எல்லாம் தெளிவாகும்."

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பொய் சொன்னால் இடது கண்ணைச் சிமிட்டுவார். இப்போது அவர் அந்த முகத்தை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, காயப்போட விரிப்பு எங்கே என்று கேட்டாள்.

விரிப்பு என்றால் பிளெக்ஸ் பேனர். விசேஷம் முடிந்ததும் பேனரை யாரும் குப்பையில் போடுவதில்லை. குப்புராஜ் கேட்டு வாங்கி வைத்துவிடுவார். மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பு, விறகுக்கு மூடாக்கு, தானியத்துக்கு விரிப்பு. படம் தரையைப் பார்த்திருக்கும், வெள்ளைப் பக்கம் மேலே. போன வருஷத்து விரிப்பை எலி கடித்துவிட்டது. விறகுக்கு அடியில் ஒன்று சுருட்டி இருக்கிறது, நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்து வீட்டில் சொல்லி வாங்கி வைத்தது, அதை எடு என்றார்.

எடுத்து வந்து உதறினாள். படம் மேலே விழுந்துவிட்டது.

குமார், சுசித்ரா திருமண விழா. மாலையும் கழுத்துமாக மணமக்கள், ஆள் உயரத்துக்கு. அவர்களுக்குக் கீழே, வாழ்த்தும் நண்பர்கள். நான்கு வரிசை. ஒரு வரிசைக்கு ஆறு முகம். ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் பெயர்.

மூன்றாவது வரிசையில் இரண்டாவது முகம். வெள்ளைச் சட்டை. தலைமேல் ஏற்றிவிட்ட கூலிங்கிளாஸ். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. லேசான சிரிப்பு.

ஏரியூர் ரஞ்சித் என்று போட்டிருந்தது.

பானுமதி விரிப்பின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பைக்கில் வேகமாகப் போகிற ஒருவன் எதற்குத் தலையைச் சாய்த்துச் சிரிக்கப் போகிறான்? பொழுது போகிற நேரத்தில் யார் கூலிங்கிளாஸ் வைத்திருப்பார்கள்? பத்தொன்பது மாதமாக அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத் தேதியைப் பார்த்தாள். மாமா அடிபட்டதற்கு மூன்றாம் நாள்.

"மாமா, இந்த பேனர் எங்க கட்டியிருந்தது?"

பிரிவு ரோட்டில்தான் என்றார் அவர். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே. அவள் தினமும் அங்கன்வாடிக்குப் பஸ் ஏறுகிற இடம்.

*

வீரமணியிடம் சொல்ல அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கொட்டகைக்குப் போய், கையைப் பிடித்து அழைத்து வந்து, விரிப்பைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கிய கை அவனுடையது.

"பேனர்ல இருக்கறவன் ரோட்டுல வண்டி ஓட்ட மாட்டானா?" என்றான் கடைசியில். "ரெண்டு இடத்துலயும் அவனையே பார்த்திருக்கலாமில்ல?"

"பார்த்திருக்கலாம்."

"அப்புறம் என்னா?"

"இந்த மூஞ்சிய எடுத்துட்டு அன்னைக்கு நடந்ததை நெனச்சுப் பார்க்கறேங்க. வண்டி இருக்குது. மாமா வுழுந்தது இருக்குது. ஓட்டறவனுக்கு மூஞ்சியே இல்ல."

வீரமணி விரிப்பைத் திருப்பிப் போட்டான். இருவரும் மூட்டையைப் பிரித்துக் கேழ்வரகைக் கொட்டினார்கள். அவன் காலால் துழாவிப் பரப்பினான். பாதி பரப்பியதும் நின்று, அவள் அந்தப் பேனரை அப்போது பார்த்தாளா என்று கேட்டான்.

பார்க்கவே இல்லை என்றாள். அங்கே பேனர் இருந்ததாகவே ஞாபகம் இல்லை. இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பாள்.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஜாவீத் கடைக்குப் போயிட்டுப் போலாம்," என்றான் வீரமணி. "அவந்தான இந்தப் பக்கத்துக்கெல்லாம் பேனர் கட்டறான்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள். அருகே வந்து அவள் புடவையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டான்.

*

எட்டரைக்கு ஆட்டோ வந்தது. குப்புராஜை ஏற்றி, வாக்கரை மடித்துப் பின்னால் கட்டி, பாப்பாரப்பட்டி போய்ச்சேர ஒன்பது.

ஜாவீத் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தான். கேட்டதும் கம்ப்யூட்டரைப் போட்டான். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த பேனரைக் கட்டினாலும், கட்டிய கையோடு எதிர்ப்பக்கம் போய் நின்று ஒரு போட்டோ எடுப்பான். கட்டவில்லை, ஓரமாகக் கட்டினாய், எங்கள் பையன் முகம் மறைந்துவிட்டது என்று பின்னால் பேச்சு வரக்கூடாது. மாதவாரியாகப் போட்டு வைத்திருந்தான்.

"வைகாசி கல்யாணம்னா மே மாசத்துலயே கட்டியிருப்பேங்க," என்று தேடினான். "இந்தாங்க. திங்கக்கிழமை. காலையில எட்டு பத்து."

பேனர் பளிச்சென்று இருந்தது. காற்று போக நடுவில் நான்கு ஓட்டை. ஓரத்தில் பஸ் நிறுத்தம் கொஞ்சம் தெரிந்தது. நிறுத்தத்தில் ஒரு பெண். ஊதாப் புடவை, தோளில் பை, கையில் டிபன் கூடை.

"அண்ணி, இது நீங்கதான?" என்றான் ஜாவீத்.

பானுமதிதான். பஸ் வரும் திசையைப் பார்க்கவில்லை. முகத்தை உயர்த்தி, நேராக பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒரு நாளைக்கு இரண்டு முறை. காலையில் பஸ் வரும்வரை கால்மணி, அரைமணி; சாயங்காலம் இறங்கும்போது மறுபடி. இருபத்து நான்கு முகம். படித்துக்கொண்டு நின்றிருப்பாள். கையில் வேறு என்ன வேலை?

அந்தக் காலையை மனதில் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. படத்தில் இருக்கிறவள் யாரோ போல இருந்தாள்.

ஜாவீதிடம் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆட்டோவில் குப்புராஜிடம் காட்டினாள். அவர் செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பேனர்ல ஆயிரம் பேர் இருப்பான். நான் பார்த்தது பார்த்ததுதான்."

வீரமணி பேச ஆரம்பித்தான். அவள் வேண்டாம் என்று கையைத் தொட்டாள். பென்னாகரம் போகிற வழியெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். புளியந்தோப்பு வந்தது, போயிற்று. பிறகு அவளைப் பார்க்காமலே பேசினார்.

"அந்த மூஞ்சிய எடுத்துட்டா எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே இல்ல பானு. பஸ்ஸ வுட்டு எறங்கினேன். ஆஸ்பத்திரியில முழிச்சேன். இடுப்பு போச்சு. நடுவுல ஏதாவது ஒண்ணு இருக்க வேணாமா?"

அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோர்ட்டு வரும்வரை அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

*

கோர்ட்டு வராந்தாவில் கூட்டம். தூணுக்குப் பக்கத்தில் ரஞ்சித்குமாரும் அவன் அம்மா ராமக்காளும் நின்றிருந்தார்கள். இந்தப் பத்தொன்பது மாதத்தில் சந்தையில் எதிரே வந்தால் ராமக்காள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்றும் திருப்பிக்கொண்டாள். பையன் இளைத்திருந்தான். அவன் சாய்ந்து நிற்கவில்லை. சிரிக்கவும் இல்லை. பானுமதி அவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அரசு வக்கீல் அம்மா வேறு வழக்கில் இருந்தார். முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று காத்திருந்ததில் பயனில்லை. குப்புராஜின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள்.

வீரமணி அவரைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். அடுத்த சாட்சி வெளியேதான் இருக்க வேண்டும் என்று பானுமதியை நிறுத்திவிட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

கால்மணி நேரம். வாக்கர் சத்தம் கேட்டது. குப்புராஜ் வெளியே வந்தார். அவளைப் பார்க்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார்.

என்ன சொன்னார் என்று கேட்க நேரம் இல்லை. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறினாள். உண்மையைச் சொல்வதாக உறுதி சொன்னாள். அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். நேற்று என்றால் கடகடவென்று சொல்லியிருப்பாள்.

வக்கீல் அம்மா தேதி கேட்டார், நேரம் கேட்டார், எங்கே நின்றாள் என்று கேட்டார். சொன்னாள். பிறகு ரஞ்சித்குமாரைக் காட்டி, சம்பவ இடத்தில் வண்டி ஓட்டிச் சென்றவர் இவர்தானா என்றார்.

"இவரைப் பார்த்திருக்கேங்க. ரோட்டுல பார்த்தேன்னு சொல்ல முடியாதுங்க."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்தார். புரியும்படி சொல்லச் சொன்னார்.

பேனரைச் சொன்னாள். நிறுத்தத்தைச் சொன்னாள். போட்டோவைச் சொன்னாள். அந்த முகம் தனக்குள் எப்படியோ போய், வண்டி ஓட்டினவன்மேல் உட்கார்ந்துகொண்டது என்றாள். வேண்டுமென்று செய்யவில்லை என்றாள். சொல்லிக்கொண்டு வரும்போதே, இதை யார் நம்புவார்கள் என்று தோன்றியது. அவளே நேற்றுவரை நம்பியிருக்கமாட்டாள்.

யாராவது வீட்டுக்கு வந்து பேசினார்களா, ஏதாவது கொடுத்தார்களா என்று வக்கீல் அம்மா கேட்டார். இல்லீங்க. மிரட்டினார்களா? இல்லீங்க. அப்படியென்றால் போலீசில் சொன்னது பொய்யா?

"பொய் இல்லீங்க. அப்ப எனக்கு அதுதான் நெசம்."

வக்கீல் அம்மா பைலை மூடினார். பானுமதியைப் பிறழ் சாட்சியாகக் கருத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எழுதிக்கொண்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி எதுவும் இல்லை என்றார். வழக்கைப் பதினைந்து நாள் தள்ளி வைத்தார்கள். நேரில் பார்த்த வேறு சாட்சி இல்லை. என்ன தீர்ப்பு வரும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

*

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். குப்புராஜுக்குச் சர்க்கரை இல்லாத டீ. அவர் சர்க்கரை போடச் சொன்னார். இன்று ஒரு நாள் என்றார்.

பிறழ் சாட்சி என்ற வார்த்தை பானுமதிக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வீரமணி அதைக் கண்டுகொண்டான்போல. அப்பா உள்ளே என்ன சொன்னார் தெரியுமா என்று ஆரம்பித்தான்.

வக்கீல் அம்மா அவரிடம், உங்களை இடித்த ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். பார்த்தேன் என்றிருக்கிறார். எப்படிப் பார்த்தீர்கள், பின்னாலிருந்து அல்லவா வண்டி வந்தது என்று நீதிபதி கேட்டிருக்கிறார். 

"அப்புறம் சொன்னாரு பாரு," என்றான் வீரமணி. "என் மருமவ பார்த்தாங்க. அவ கண்ணுல பார்த்ததுதான் எனக்கும். அவ இல்லைன்னு சொன்னா எனக்கும் இல்லீங்கன்னு."

குப்புராஜ் டீயை ஊதினார். தான் அப்படியெல்லாம் சொல்லவில்லை, இவன் சேர்த்துச் சொல்கிறான் என்றார். இடது கண் ஒருமுறை சிமிட்டியது.

பானுமதி சிரித்தாள். சிரிக்கும்போது கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இனி வீட்டில் ரேஷன் கார்டு எண், கேஸ் புத்தக எண் எல்லாம் நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றாள். அதெல்லாம் வேண்டாம், எண்ணுக்குத் தலை சாய்க்கத் தெரியாது என்றான் வீரமணி.

ராமக்காள் ரோட்டைத் தாண்டி வந்தாள். பையன் பின்னாலேயே வந்தான். வந்தவள் கையைக் கூப்பினாள். பானுமதி எழுந்து அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கூப்ப வேண்டியது தான்தான் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் ராமக்காளே அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பெஞ்சில் குப்புராஜுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

வீரமணி ரஞ்சித்குமாரின் தோளில் கை வைத்தான். பிடித்து உலுக்கிய அதே கை. மன்னிச்சுக்க தம்பி என்றான். பையன் தலையாட்டினான். ஆனால் முகம் தெளியவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றான் பானுமதியிடம்.

இருவரும் கடைக்குப் பக்கவாட்டில், தண்ணீர் டிரம் வைத்திருந்த இடத்துக்குப் போனார்கள். உத்தரவு சீக்கிரம் வந்துவிடும், கவலைப்படாதே என்றாள். அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எங்கே இருந்தேன் என்று ஆரம்பத்தில் தெளிவாகத் தெரியும் என்றான். வீட்டில்தான் இருந்தான். யாரும் கூட இல்லை. போலீசில் கேட்டார்கள், வக்கீல் கேட்டார், ஊரில் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும், இடித்தாயே, எப்படி இடித்தாய் என்று கேட்டார்கள். இடிக்கவில்லை என்று சொல்வதற்கு, இடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவன் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நூறு முறை நினைத்தான். இருநூறு முறை.

"இப்ப வூட்ல இருந்தது மங்கலா இருக்குதுக்கா. ரோடுதான் நல்லாத் தெரியுது. கைப்பிடி தெரியுது. அய்யா முதுகு தெரியுது. இடிச்சதும் வண்டி ஆடினது கையில இருக்குது."

பானுமதி திரும்பிக் கடையைப் பார்த்தாள். குப்புராஜ் ராமக்காளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வீரமணி இன்னொரு டீ வாங்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க இன்னைக்கு உங்க நெனப்பத் திருப்பி வாங்கிட்டீங்க," என்றான் ரஞ்சித்குமார். "எனக்குள்ள இருக்கறது நடந்ததாக்கா, இல்ல நீங்க சொன்னதா?"